எவ்வளவு ஆழம் என்று கேட்டாள்

ஊசியக்காவின் அண்ணனைக் கொன்றவன் நான். அதற்காக எட்டு வருஷம் உள்ளே இருந்தவன். அவளைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேட்டுக்கொள்ளட்டும். அப்படிக் கேட்கிற ஒருத்தனும் அவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அவள் அண்ணனைப் பற்றியும் சின்ன மாமாவைப் பற்றியும் மட்டும் மார்க்கெட் சுவர் முழுக்க எழுதினார்கள், மாவீரன் என்று. அதிலும் எழுத்துப் பிழை.

முதலில் அந்த வெட்டைச் சொல்லிவிடுகிறேன். காய்கறி மொத்த மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள் நாங்கள். வடக்கு வாசலில் நிற்கிற லாரிகள் எங்கள் குடும்பத்துக்கு, தெற்கு வாசல் அவர்கள் குடும்பத்துக்கு. எங்கள் கையில் எப்போதும் கொக்கி இருக்கும். ஒரு சாண் இரும்பு, வளைந்த முனை, மரப்பிடி. மூட்டையைக் குத்தி இழுக்கத்தான் அது. மனிதனையும் குத்தி இழுக்கலாம் என்பதை என் அப்பா காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒரு வெங்காய லாரி யாருக்கு என்ற சண்டையில் என் அப்பா அவளுடைய சின்ன மாமாவின் தொடையில் கொக்கியைப் போட்டு இழுத்தார். அந்த ஆள் மூன்றாம் நாள் செத்தார். சாட்சி சொல்ல ஒருத்தனும் வரவில்லை, அப்பா தப்பித்தார். இருபது வருஷம் கழித்து அவள் அண்ணன் கணக்குத் தீர்க்க வந்தான். உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த கிழவனின் தலையில் இரும்புக் கம்பியை இறக்கினான். நான் லாரி மேலே நின்றேன். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் பல்லுக்குள் இருக்கிறது. அப்பாவின் காது வழியாக ரத்தம் வந்தது. மேலேயிருந்து குதித்தேன், அவன் கெண்டைக்காலில் கொக்கியைப் போட்டேன், இழுத்தேன். அவன் என் தாயைச் சொல்லித் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். நடந்து போனான் ஐயா, சொந்தக் காலில்! அன்று சாயங்காலம் ரத்தம் நின்றுவிட்டதாம். மறுநாள் மறுபடி வந்ததாம். மூன்றாம் நாள் செய்தி வந்தது, போலீசும் வந்தது. என் அப்பா ஒரு வருஷம் எச்சில் வடிய, மலஜலம் படுக்கையில் போகக் கிடந்து செத்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. உள்ளே இருந்தேன்.

கோர்ட்டில், "சின்னக் கீறல்தாங்க ஐயா" என்றேன். "சின்னக் கீறலுக்கு ஒருத்தன் சாவானா?" என்று நீதிபதி கேட்டார். நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்து வெட்டுகிற பரம்பரை இது என்று அரசு வக்கீல் முழங்கினார். அந்த ஒரு வார்த்தை எனக்கு உள்ளே சிம்மாசனம் போட்டுக் கொடுத்தது. 'ஒத்தக் கீறல்' என்று பேர் வைத்தார்கள். வெளியே வந்த பிறகும் அதே பேர்தான். நான் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் கிடைத்துவிடும். பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே பிடித்திருந்தது.

அவர்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. செத்தவனுக்காகப் பழி வாங்க வேண்டியவன் அவன் மகன் அல்ல, அக்கா தங்கை பெற்ற பிள்ளை. சின்ன மாமாவுக்காக ஊசியக்காவின் அண்ணன் வந்தது அப்படித்தான். "பொண்டாட்டி பெத்தது யாருதுன்னு எவன் கண்டான்? கூடப் பொறந்தவ வயித்துல வந்ததுதான்டா நிச்சயமா நம்ம ரத்தம்" என்று அவளுடைய பெரிய மாமா மீசையை நீவிக்கொண்டு சொல்லுவார். செத்த சின்ன மாமாவுக்கு மூத்தவர், குடும்பத்துக்குத் தலை, எழுபது வயதிலும் ஒற்றைக் கையால் மூட்டையைத் தூக்குகிற ஆள். அவருக்கு இரண்டு மகன்கள், எருமை மாதிரி. அந்த எருமைகளுக்கு இந்தப் பொறுப்பு வராது. அண்ணனுக்கு மகன் இருந்திருந்தாலும் வராது, இருந்ததோ ஒரே பெண் குழந்தை. அடுத்து வரிசையில் நின்றது ஊசியக்காவின் மகன். அவன் பிறந்து தொட்டிலில் கிடக்கும்போதே, "ஒத்தக் கீறலை முடிக்கப் பொறந்தவன் வந்துட்டான்" என்று பெரிய மாமா அறிவித்துவிட்டாராம்.

அவள் கணவன் லாரி ஓட்டினான். ஒரு நாள் லாரி மட்டும் திரும்பி வந்தது, அவன் வேறொரு ஊரில் வேறொருத்தியோடு இறங்கிவிட்டான். அவள் ஒரு வாரம் அழுதாள், எட்டாம் நாள் மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கண்ணாடிக் குழாய் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். ஊசி போடுகிற பெண் பிரசவத்துக்குப் போன மாதத்தில் இவளே ரத்தம் எடுக்க ஆரம்பித்தாள். நரம்பே தெரியாத குண்டர்களின் கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். "அப்பாடா, முடிஞ்சுதா?" என்று அவர்கள் கேட்கும்போது பஞ்சு வைத்து அனுப்பிக்கொண்டிருப்பாள். அப்படித்தான் ஊசியக்கா ஆனாள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

மகனுக்குப் பதினெட்டாவது வயதில் கடைவாய்ப் பல் சொத்தையானது. பிடுங்கினார்கள். சாயங்காலம் நின்ற ரத்தம் மறுநாள் மறுபடி வர ஆரம்பித்தது. தலையணை நனைந்தது, துண்டு நனைந்தது. தினமும் நூறு பேரின் ரத்தத்தைப் பார்க்கிறவள், தன் மகன் வாயிலிருந்து வந்தது உறையாமல் தரையில் ஓடுவதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எப்படியோ நிறுத்தினார்கள். அவள் சும்மா இருக்கவில்லை. அவன் கையைப் பிடித்துத் தானே ரத்தம் எடுத்து, நிலையத்தின் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் வைத்தாள். ஹீமோஃபிலியா என்றார் டாக்டரம்மா. ரத்தம் உறையத் தேவையான ஒரு பொருள் அவன் உடம்பில் போதிய அளவு ஊறுவதில்லை. லேசான வகை என்பதால் இத்தனை வருஷம் தெரியாமல் போயிருக்கிறது. "உங்க வீட்டு ஆம்பளைங்கள்ல யாராவது சின்னக் காயத்துல செத்திருக்காங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் வெட்டுப்பட்டுத்தான் செத்தாங்க" என்றாளாம் இவள், வழக்கமாகச் சொல்கிற பெருமையோடு. சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்குப் பொறி தட்டியது.

ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

என் மனைவி வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கத்தியோடு எழுந்தாள். "ஏங்க! வெளிய வாங்க! அந்த வீட்டுப் பொம்பள வந்திருக்கு!" நான் பனியனோடு ஓடி வந்தேன். ஊசியக்கா தோளில் ஒரு பையோடு, ஆயுதம் ஏதும் இல்லாமல் நின்றாள். வலது கையில் இரண்டு விரல்களுக்கு மாவுக்கட்டு.

"உங்க கிட்ட ஒன்னு கேக்கணும். எங்க அண்ணனுக்குப் போட்டீங்களே, அது எவ்வளவு ஆழம்?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "போலீஸ் கேட்டாச்சு, வக்கீல் கேட்டாச்சு, ஜட்ஜ் கேட்டாச்சு. இப்ப நீ வேறயா? போ இங்கிருந்து!"

"அவங்க உங்களை உள்ள தள்ளக் கேட்டாங்க. நான் என் பையனுக்காகக் கேக்கறேன்."

அவள் குரலில் சண்டை இல்லை. கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். "இந்த ஆழம். ஒரு விரல் நீளம். அவ்வளவுதான். சத்தியம் பண்ணணுமா?"

"வேணாம். உங்க அப்பா எங்க சின்ன மாமாவுக்குப் போட்டது?"

"'தோலைத்தான்டா கிழிச்சேன்'னு சொல்லுவாரு. குடிச்சிருந்தா மட்டும் 'நரம்பைப் பாத்து வெட்டினேன்'பாரு."

அவள் கேட்காமலே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து சாக்கட்டி எடுத்து, என் மனைவி காலையில் துடைத்த தரையில் வரைய ஆரம்பித்தாள். வட்டம் பெண், கட்டம் ஆண். வியாதி இருந்தவன் கட்டத்தை முழுக்க அடைத்தாள். அம்மாவைப் பெற்ற பாட்டியின் தம்பி ஒரு அடைத்த கட்டம். அவர் ஏதோ பெரிய கலவரத்தில் வீழ்ந்தவர் என்று பேர். விசாரித்தால் படியில் விழுந்து கன்னம் உள்ளே கிழிந்தவராம். சின்ன மாமா ஒரு அடைத்த கட்டம். அண்ணன் ஒன்று. கடைசியில் மகன், அவன் கட்டத்தை அடைக்கும்போது சாக்கட்டி உடைந்தது.

"நடுவுல பொம்பளைங்க யாரும் சாகலையே?" என்று என் மனைவி கேட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்திருந்தாள்.

"ரத்தம் உறையற குறிப்பு ஒரு இழையில இருக்கு, எங்களுக்கு அந்த இழை ரெண்டு. எக்ஸ்னு பேரு. ஒன்னு கெட்டுப்போனாலும் இன்னொன்னு சமாளிச்சிடும். அதனால எங்களுக்கே தெரியாது. ஆம்பளைக்கு ஒன்னே ஒன்னுதான், அதுவும் அம்மா குடுக்கறது. அம்மா நல்லதைக் குடுத்தா பொழைச்சான், கெட்டதைக் குடுத்தா மாட்டினான். ரெண்டுல ஒன்னு, கண்ணைக் கட்டிக்கிட்டு எடுத்துக் குடுக்கற மாதிரி."

"அப்ப உன் பெரிய மாமா?" என்றேன்.

"அவருக்கு நல்லது வந்துச்சு."

"அவரோட பசங்க?"

"அவருகிட்டயே இல்லாதது எப்படி வரும்? இருந்திருந்தாலும் பசங்களுக்கு வராது. அப்பன் பையனுக்கு அந்த எக்ஸைக் குடுக்கறதே இல்ல, பொண்ணுக்குத்தான் குடுப்பான். எங்க அண்ணன் பொண்ணுக்குக் கண்டிப்பா வந்திருக்கும். அவளுக்கு ஒன்னும் ஆகாது, அவ பையனுக்கு ஆகலாம்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணனுக்கு வந்துட்டதால எனக்கு வந்திருக்காதுன்னு நெனைச்சேன். டாக்டரம்மா கிட்டயும் அப்படியே சொன்னேன். அவங்க சொன்னாங்க, வயிறு பழசையெல்லாம் ஞாபகம் வெச்சுக்காதாம். ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்குமாம்."

என் மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது. கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்தாள். மாமன், கூடப்பிறந்தவள், அவள் மகன். மறுபடி மாமன், கூடப்பிறந்தவள், அவள் மகன். "அடிப்பாவி! வியாதி போற வழியிலதானே நீங்க பழி வாங்கவும் ஆள் அனுப்பறீங்க! ரெண்டுல ஒருத்தன் சாகறதுக்குன்னே பொறுக்கி எடுத்து அனுப்பின மாதிரி!"

எனக்கு உறைத்தது வேறு. நான் நரம்பைப் பார்த்து வெட்டவில்லை. என் பரம்பரைக்கு நரம்பும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. எவனுக்கும் ஆறிப்போயிருக்கும் ஒரு கீறலுக்காக நான் எட்டு வருஷம் உள்ளே கிடந்தேன், என் அப்பன் முகத்தில் முழிக்காமல் விட்டேன். பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்தேன். அது சுவரில் மோதி நசுங்கியது, தண்ணீர் சாக்கட்டிக் கோடுகளின் மேல் ஓடியது. அவள் நகரவில்லை.

"இதைப் போய் உன் மாமன்கிட்டச் சொல்லு! என்கிட்ட எதுக்கு வந்த?"

மாவுக்கட்டுப் போட்ட விரல்களைக் காட்டினாள். "சொன்னேன். 'எங்க வீரனுங்களை சீக்காளி ஆக்கறியாடி'ன்னு கையைக் கதவிடுக்குல வெச்சுச் சாத்தினாரு. பையன் ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டான். தன்னை நோயாளின்னு சொல்றதைவிட செத்துடலாம்ங்கறான். உங்க மேல வரப்போறான், எப்பன்னு தெரியாது. அவன் என்ன பண்ணாலும் நீங்க கொக்கியை எடுக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"ஒரு கீறல் போதும்னு எனக்கே வந்து சொல்லிட்டியே. எங்க அப்பன் மண்டையை உடைச்ச குடும்பம் உன்னுது. உனக்குப் பயமா இல்லையா?"

"உயிரே போற மாதிரி பயமா இருக்கு. ஆனா தெரியாமக் கீறினா நிச்சயம் செத்துடுவான். தெரிஞ்சா, நீங்க கீறாம இருக்கவும் ஒரு வழி இருக்கில்ல?"

நான் வாக்குக் கொடுக்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. அவள் போன பிறகு என் மனதில் வந்த முதல் நினைப்பு, அவன் வரட்டும், ஒரு விரல் நீளம் போதும் என்பதுதான்.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்து மணி வெயிலில், உருளைக்கிழங்கு லாரிப் பக்கத்தில் வந்தான். தெற்கு வாசல் டீக்கடையில் பெரிய மாமா இரண்டு எருமைகளோடு நின்று வேடிக்கை பார்த்தார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. கொக்கியை என் தோளில் இறக்கி இழுத்தான். சதை பிய்ந்தது. என் கொக்கி என் கையில்தான் இருந்தது. அவன் கழுத்து, நெஞ்சு, கை எல்லாம் எனக்குத் திறந்து கிடந்தது. அப்பாவின் காதிலிருந்து வந்த ரத்தம் கண்முன் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், கை போய்விட்டது. பாதி தூரம் போய்விட்டது. பிறகு கொக்கியை லாரிக்கு அடியில் எறிந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. நல்லவன் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் மச்சான் கொக்கியோடு ஓடி வந்தான். "அவனைத் தொட்டே, உன்னை நான் கொன்னுடுவேன்டா!" என்று கத்தினேன். அவன் திகைத்து நின்றான். பையன் முழங்காலால் என் வாயில் இடித்தான். இரண்டு பல் நாக்கில் விழுந்தது. காதைப் பிடித்துக் கிழித்தான். நான் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன், அவன் என் கன்னத்தைக் கடித்தான். "அடிடா! திருப்பி அடிடா பொட்டை!" என்று அழுதுகொண்டே கத்தினான். அடிக்காத என்னைக் கொல்ல அவனுக்கு வரவில்லை, விடவும் தெரியவில்லை. ஓங்கின கொக்கி மூட்டை வரிசையில் மாட்டிக்கொண்டது. பிடுங்கினான். அது திரும்பி வந்த வேகத்தில் அவன் முன்கையையே கிழித்தது, முழங்கைவரை.

நான் அவனைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து, பனியனைக் கழற்றி அந்தக் கையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். பனியன் சிவந்து சொட்டியது. "தள்ளுவண்டி கொண்டு வாங்கடா!" என்றேன். பெரிய மாமா வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார். "எங்க பையனை விடுடா. இந்தச் சின்னக் காயத்துக்கு எங்க வம்சத்துல எவனும் ஆஸ்பத்திரி போனதில்ல."

எதிரிலிருந்து ஊசியக்கா வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தாள். மகனைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். கீழே கிடந்த மகனின் கொக்கியை இடது கையால் எடுத்து, மாமாவின் கையில் போட்டு ஒரே இழுப்பு இழுத்தாள். கிழவர் அலறினார்.

"அதே கொக்கி மாமா! உக்காந்து பாத்துக்கிட்டே இரு. உனக்கு நிக்கும். அவனுக்கு நிக்காது. உனக்கு நல்லது வந்துச்சு, அந்தத் திமிர்லதான் இத்தனை வருஷமா எங்க பிள்ளைங்களை அனுப்பிக்கிட்டிருக்கே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எருமைகள் இரண்டும் முன்னால் வந்தன. அவள் கொக்கியைத் திருப்பினாள். அவை பின்னால் போயின. வண்டி வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த உறைய வைக்கும் மருந்தை ஏற்றினார்கள். அவள் முன்கூட்டியே போய்ப் பேசி, அவன் பேரைப் பதிந்து வைத்திருந்தாள். சாயங்காலம் ரத்தம் நின்றது. மறுநாள் கட்டு நனைந்தது, மறுபடி ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அவள் உட்காரவே இல்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அடுத்த வார்டில் தோளிலும் காதிலும் தையலோடு கிடந்த நான், கூப்பிடாமலே எழுந்து போய்க் கதவுப் பக்கத்தில் நின்றேன். அன்றும் கட்டு லேசாக நனைந்தது. மருந்து போனது. நின்றது.

நான்காம் நாள் காலையில் பெரிய மாமா வந்தார். அவர் கைக் காயம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பையனின் கட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். படம் வரைந்து காட்டியபோது ஏறாதது அப்போது ஏறியிருக்க வேண்டும். சுவரோரமாக உட்கார்ந்து, தன் தம்பியின் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். அவர் அழுவதை அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லையாம். ஊசியக்கா அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை.

அவள் தாழ்வாரத்துக்கு வந்தபோது நான் கேட்டேன். இருபது வருஷமாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று காத்திருந்த கேள்வி. வீங்கிய வாயில் வார்த்தை சரியாக வரவில்லை.

"அப்ப உங்க அண்ணனை நான் கொல்லலைதானே? வியாதிதானே கொன்னுச்சு?"

அவள் என் காதின் தையலைப் பார்த்தாள், விழுந்த பற்களின் இடத்தைப் பார்த்தாள். இவ்வளவு செய்தவனுக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம்.

"வியாதி எங்க அம்மா குடுத்தது," என்றாள். "கொக்கி நீங்க போட்டது. அது இல்லாம அவன் இன்னைக்கும் இருந்திருப்பான்."

பிறகு என் கையைப் பிடித்து, தையல் பிரிந்து தோளிலிருந்து வடிந்துகொண்டிருந்த ரத்தத்தைப் பஞ்சால் துடைத்து, நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.